கரியும் தண்ணீரும் இழுத்த பாதை: செட்டிநாட்டில் நீராவி என்ஜின்களும் லோகோ ஷெட்டுகளும்

இன்று காரைக்குடி சந்திப்பில் வந்து நிற்கும் ரயில் என்ஜினுக்கு நம் ஊரிடம் கேட்டு வாங்க ஒன்றுமில்லை. மேலே ஓடும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும், அல்லது எங்கோ நிரப்பிய டீசலில் ஓடும். சில நிமிடம் நிற்கும், ஆட்கள் ஏறி இறங்குவார்கள், போய்விடும். நீராவிக் காலத்து என்ஜின் அப்படி இல்லை. அதற்குத் தண்ணீர் வேண்டும், கரி வேண்டும், காய்ந்த மணல் வேண்டும், சாம்பலைக் கொட்டக் குழி வேண்டும், திரும்பி நிற்க வழி வேண்டும், இரவெல்லாம் நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில் கிடைத்த வளாகத்துக்குத்தான் லோகோ ஷெட் என்று பெயர்.

ரயில் பாதைகளின் வரலாற்றை எழுதும்போது நிலையங்களையும் பாலங்களையும் திறப்புத் தேதிகளையும் எழுதுகிறோம். ஷெட் விடுபட்டுப் போகிறது. ஆனால் எந்த வண்டி எங்கே எவ்வளவு நேரம் நிற்கும், எந்த ஊரில் என்ஜின் மாறும், எந்த ஊரில் ரயில்வேக் குடியிருப்பு முளைக்கும் என்பதையெல்லாம் அன்றைக்குப் பெரும்பாலும் முடிவு செய்தது என்ஜினின் தேவைதான். ஊரின் செல்வமும் புகழும் அதற்கு அடுத்த இடம். பணமும் பேரும் நிறைய இருந்து, ஆறு மட்டும் இல்லாத செட்டிநாட்டை வைத்துப் பார்த்தால் இது நன்றாகவே விளங்கும்.

தாமதமாக வந்த ரயில்

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையும், 1862-இல் திருச்சி வரையும் பாதை போட்டுவிட்டது. முதலில் அகலப்பாதை, 1875-இல் அது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள மீட்டர் கேஜ் ஆனது. 1874-இல் உருவான சவுத் இந்தியன் ரயில்வே, தெற்கே முழுக்க மீட்டர் கேஜிலேயே வளர்ந்தது. மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக மண்டபம் போகும் பாதை 1902-இல் வந்தது. இன்னொரு பக்கம், மாயவரத்திலிருந்து தஞ்சை மாவட்ட போர்டு போட்ட பாதை முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று மெல்ல நீண்டு 1903 கடைசியில் அறந்தாங்கியைத் தொட்டது.

ஆக தென்மேற்கே மானாமதுரையிலும் வடகிழக்கே அறந்தாங்கியிலும் ரயில் இருக்கிறது. நடுவில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கண்டனூர். இந்த ஊர்களுக்கு மேலும் 25 வருடத்துக்கு மேல் மாட்டுவண்டியும், பிற்பாடு மோட்டாரும்தான். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளில் பல, இந்தப் பகுதிக்கு ரயில் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டன. கப்பலில் வந்த பர்மாத் தேக்கை ஊர்வரை கொண்டுவந்து சேர்த்தவை வண்டி மாடுகள். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது, இந்தக் கடைசி முப்பது நாற்பது மைல் பயணத்தைப் பற்றித்தான் யாரும் விரிவாகப் பேசுவதில்லை.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை 1929-இலும், புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரை வரை 1930-இலும் பாதை திறந்தது. மொத்தம் சுமார் 150 கி.மீ. கீரனூர், நார்த்தாமலை, புதுக்கோட்டை, திருமயம் தாண்டி, கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு நிலையம். அதற்குச் செட்டிநாடு என்றே பெயர். அடுத்து கோட்டையூர், காரைக்குடி. பிறகு ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும் தேவகோட்டை ரஸ்தா, கல்லல், சிவகங்கை, மானாமதுரை. சென்னையிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போகும் வண்டி இனி மதுரையைச் சுற்ற வேண்டியதில்லை. தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போகிறவர்களுக்கும் இதுவே குறுக்குவழி ஆனது.

காலம்தான் ஒத்துழைக்கவில்லை. பாதை திறந்த அதே நேரத்தில் உலகப் பொருளாதார மந்தம். பர்மாவில் கொடுத்த கடன்கள் பணமாகத் திரும்பாமல் வயல்களாகக் கைக்கு வந்தன. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்ததும் அதுவும் போயிற்று. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போகிறவர்களுக்காகப் போட்ட பாதை என்று இதை நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், போனவர்கள் திரும்பி வந்த பாதை என்பதுதான் பொருத்தம்.

அறந்தாங்கிக்கும் காரைக்குடிக்கும் நடுவே இருந்த இடைவெளி சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-இல்தான் அடைபட்டது. அன்றிலிருந்து காரைக்குடி சந்திப்பு ஆனது. திருவாரூர்ப் பக்கம் போகும் வண்டி இங்கே புறப்படும், அங்கிருந்து வரும் வண்டி இங்கே முடியும். வண்டி முடியும் ஊர் என்றால் அதன் என்ஜினுக்கும் அங்கே ஒரு வேளைச் சாப்பாடும் ஓய்வும் தேவை என்று பொருள்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

அந்தச் சாப்பாட்டின் கணக்கைப் பார்த்தால்தான் ஷெட் ஏன் சில ஊர்களில் வந்தது, சில ஊர்களில் வரவில்லை என்பது புரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு மீட்டர் கேஜில் பயணிகள் வண்டிகளை அதிகம் இழுத்தவை ஒய்பி வகை என்ஜின்கள். 1949-லிருந்து சுமார் இருபது வருடம் கட்டப்பட்டவை, மொத்தம் 871. பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கட்டியது. சரக்கு வண்டிக்கு ஒய்ஜி. எடை தாங்காத கிளைப்பாதைகளுக்கு ஒய்எல் என்ற இலேசான என்ஜின். ஒய்பி-யின் பின்னால் இணைந்து வரும் டெண்டரில் 3,000 காலன், அதாவது 13,600 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். கரி பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவு.

ஒரு கிலோ கரி எரிந்தால் ஏறத்தாழ 6 முதல் 7 கிலோ தண்ணீர் ஆவியாகும். இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். டெண்டரில் உள்ள தண்ணீர் முழுவதும் தீரும்போது எரிந்திருக்கும் கரி இரண்டு டன் சொச்சம். ஒருமுறை ஏற்றிய கரி தீருவதற்குள் நான்கு முறையாவது தண்ணீர் பிடிக்க வேண்டும். கரியை ஒரு முனையில் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகலாம், தண்ணீரில் அது நடக்காது. அதனால்தான் கரி கிடைக்கும் ஊர்கள் கொஞ்சமாகவும், தண்ணீர்த் தூண் நின்ற நிலையங்கள் அதிகமாகவும் இருந்தன. நீராவி வண்டி நடுவில் ஏதோ ஒரு நிலையத்தில் காரணமே தெரியாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றதாகப் பெரியவர்கள் சொன்னால், பெரும்பாலும் என்ஜின் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கும்.

இனி வரைபடத்தைப் பாருங்கள். பாதையின் வட முனை திருச்சி, காவிரிக் கரை. தென் முனை மானாமதுரை, வைகைக் கரை. மேலே வைகை வறண்டாலும் மணலுக்கு அடியில் ஊற்று இருக்கும். நடுவில் சுமார் 150 கி.மீ.க்கு வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மழைக்காலத்தில் ஓடி அடங்கும் சின்ன ஆறுகள், கண்மாய்கள், ஊருணிகள். செம்மண்ணும் செம்பாறையுமான பூமி இது. ஓட்டுக்கூரையில் விழும் மழைநீரை முற்றத்தில் இறக்கிப் பாத்திரத்தில் பிடித்தும், தெருவில் ஓடும் நீரை ஊருணிக்குத் திருப்பியும் வாழக் கற்றுக்கொண்ட மக்கள். காரைக்குடிக்குச் சம்பை ஊற்று என்று ஒரு நல்ல நீர் வளம் இருப்பதை இந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வதற்குக் காரணம், சுற்றுவட்டாரத்தில் அது எவ்வளவு அரிது என்பதுதான்.

தண்ணீர் கிடைத்தால் மட்டும் போதாது, அது பாய்லருக்கு ஒத்துவர வேண்டும். கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம் இருந்தால், வெந்நீர்ப் பானையின் அடியில் படிவது போலப் பாய்லர் குழாய்களிலும் நெருப்புப் பெட்டியைச் சுற்றியுள்ள தகடுகளிலும் வெள்ளையாகப் படியும். இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. முதல் விளைவு, அதே வேலைக்குக் கூடுதல் கரி எரியும். இரண்டாவது விளைவு ஆபத்தானது. ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் தண்ணீர் என்று இருக்கும்வரைதான் தகடு தாங்கும். நடுவில் படிவு வந்து உட்கார்ந்தால் தகடு அளவு மீறிச் சூடாகி வளையும், விரிசல் விடும். நீரில் உப்பு அதிகமானால் இன்னொரு தொல்லை: தண்ணீர் நுரைத்து நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போய்விடும். நீராவியை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டர் மூடியே தெறிக்கும் அளவுக்கு அது போகலாம்.

அதனால் பாய்லரைக் கழுவும் வேலை ஷெட்டின் அன்றாடக் கவலை. என்ஜினை முழுதாக ஆறவிட்டு, கழுவு துளைகளின் திருகு மூடிகளைக் கழற்றி, அழுத்தமான நீரைப் பாய்ச்சி, நீண்ட கம்பிகளால் உள்ளே சுரண்டி, சேறும் செதிலுமாக வருவதை வெளியே தள்ள வேண்டும். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பது அந்த ஊர்த் தண்ணீரைப் பொறுத்தது. கெட்ட தண்ணீர் உள்ள பாதையில் இடைவெளி சுருங்கும், சுருங்கச் சுருங்க ஓட்டத்துக்குக் கிடைக்கும் என்ஜின்கள் குறையும். ஒரு ஷெட்டில் எத்தனை என்ஜின் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பின்னால் இப்படி ஒரு கிணற்று நீர் ஒளிந்திருந்தது.

ஷெட்டுக்குள் ஒரு என்ஜின்

ஓட்டம் முடித்து வரும் என்ஜின் வண்டியை நிலையத்தில் விட்டுவிட்டுத் தனியாக ஷெட்டுக்கு வரும். முதலில் சாம்பல் குழி. தண்டவாளத்துக்கு நடுவே செங்கல் கட்டி ஆளிறங்கும் ஆழத்துக்கு எடுத்த குழி அது. மேலே என்ஜின் நிற்கும். நெருப்பைக் கிளறிச் சாம்பலை இறக்குவார்கள். இந்தியக் கரியில் சாம்பல் அதிகம், உருகி இறுகிய கிட்டமும் சேரும். கம்பி அடுப்பில் ஒட்டிக்கொண்ட அதை ஆளைவிட நீளமான இரும்புக் கோலால் குத்திப் பெயர்க்க வேண்டும். முன்பக்கம் புகைப்பெட்டியைத் திறந்து அங்கே குவிந்த கருந்தூளையும் வாரிக் கொட்ட வேண்டும். வெயில் காலத்துச் செட்டிநாட்டு மதியத்தில், மேலே பாய்லர், கீழே தணல், இடையில் ஒரு மனிதர். ரயில்வேயில் இருந்த வேலைகளிலேயே இது மிகக் கடினமானவற்றில் ஒன்று என்று நினைக்கிறேன். இதைச் செய்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பிறகு கரி. பெரிய ஷெட்டுகளில் எந்திரங்கள் இருந்தன. சிறியவற்றில் உயர்த்திக் கட்டிய மேடையிலிருந்து கூடை கூடையாக ஆட்கள்தான் கொட்டினார்கள். பெண்களும் இந்த வேலை செய்தார்கள். பல இடங்களில் ஒப்பந்தக் கூலிகள், ரயில்வேயின் ஊழியர் பட்டியலுக்குள் வராதவர்கள். கொட்டிய சாம்பலில் முழுதாக எரியாத துண்டுகளைப் பொறுக்கி வீட்டு அடுப்புக்கும் கடைக்கும் கொண்டுபோன குடும்பங்கள் ஷெட் இருந்த எல்லா ஊரிலும் உண்டு. நீராவி நின்றபோது இவர்களுக்கு மாற்று வேலையோ ஓய்வூதியமோ கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கரிக்கு முன்பு விறகும் எரிந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்திய ரயில்கள் பெருமளவு விறகில்தான் ஓடின. சோழமண்டலக் கடற்கரை நெடுகச் சவுக்குத் தோப்புகள் பரவியதற்கு ரயிலின் விறகுத் தேவை ஒரு முக்கியக் காரணம். செட்டிநாட்டுப் பாதை வந்தபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது. வடக்கேயிருந்து வந்த சுரங்கக் கரிதான். அவ்வளவு தொலைவு பயணம் செய்து வந்த கரியை ஊர்ப்பக்க ஷெட்டில் எடை பார்த்து, கணக்கெழுதி, சிக்கனமாகத்தான் செலவழித்தார்கள்.

மணல் என்றால் வியப்பாக இருக்கும். மழையிலோ பனியிலோ தண்டவாளம் வழுக்கினால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியே மணல் தூவினால் பிடிப்பு வரும். ஈர மணல் குழாயில் அடைக்கும் என்பதால் மணலை வறுத்துச் சலிக்க ஷெட்டில் தனி அடுப்பே இருந்தது.

அடுத்து என்ஜினைத் திருப்புவது. டெண்டரோடு கூடிய என்ஜின் பின்புறமாக ஓடினால் டிரைவருக்குப் பாதை சரியாகத் தெரியாது, வேகமும் கூடாது. ஆகவே கடைசி நிலையத்தில் என்ஜினின் முகத்தைத் திருப்ப வேண்டும். ஒன்று, கிணறு போன்ற வட்டக் குழிக்குள் சுழலும் பாலமான டர்ன்டேபிள். சரியாக நடுவில் நிறுத்திவிட்டால் பல டன் எடையை நாலைந்து பேர் கையால் தள்ளித் திருப்பிவிடலாம், ஒரு சாண் தள்ளி நின்றால் அசையாது. இல்லையென்றால் முக்கோணமாகப் போட்ட பாதை. ஒரு பக்கம் முன்னால் போய், அடுத்த பக்கம் பின்னால் வந்து, மூன்றாவதில் திரும்பினால் முகம் மாறியிருக்கும். இடம் நிறைய வேண்டும், ஆனால் பழுதாக எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் நடுவே ஃபிட்டர்கள் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். விரிசல் விட்ட இரும்பின் ஓசை வேறு மாதிரி இருக்கும். டிரைவர் ரிப்பேர் புத்தகத்தில் எழுதிவைத்ததைச் சரி செய்வார்கள், எண்ணெய் போடுவார்கள். பெரிய வேலை என்றால் திருச்சியை அடுத்த பொன்மலை ரயில்வே பணிமனைக்குத்தான் போக வேண்டும். இப்படி மூன்று படி இருந்தது: தண்ணீர் பிடித்து, சாம்பல் கொட்டி, இரவு தங்கிப் போகும் சின்ன ஷெட், என்ஜினுக்குச் சொந்த ஊரான ஹோம் ஷெட், பாய்லரையே தூக்கி இறக்கிப் புதுப்பிக்கும் பணிமனை.

பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது 1928-இல். செட்டிநாட்டுப் பாதை திறக்க ஏறத்தாழ ஒரு வருடம் முன்பு. அந்த இடமாற்றத்தின்போது நடந்த ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் சவுத் இந்தியன் ரயில்வே தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறை சென்றார். 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலையில் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். காரைக்குடி வழியாகப் புகை விட்டுப் போன என்ஜின்களைப் பழுது பார்த்தவை இந்தக் கைகள்தான் என்பதால் இதையும் இந்தப் பாதையின் வரலாற்றில் சேர்த்தே படிக்க வேண்டும்.

நெருப்போடு வாழ்ந்தவர்கள்

குளிர்ந்து கிடக்கும் பாய்லரை உடனே கொதிக்க வைக்க முடியாது. இரும்பு சீராகச் சூடேற வேண்டும், அவசரப்பட்டால் குழாய்கள் மூட்டில் கசியும். நெருப்பு மூட்டியதிலிருந்து வண்டி இழுக்கத் தயாராகும்வரை பல மணி நேரம் ஆகும். காலை ஐந்து மணி வண்டிக்கு முந்தின இரவே வேலை தொடங்கிவிடும். அதனால் குறுகிய ஓய்வுக்கு நெருப்பை அணைக்கவே மாட்டார்கள். கரியைக் குவித்து, காற்றைக் குறைத்து, அடக்கி வைப்பார்கள். இரவு முழுக்க ஒருவர் என்ஜின் என்ஜினாக ஏறி நீர்மட்டத்தையும் நெருப்பையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நீர்மட்டம்தான் உயிர். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அந்தத் தகட்டில் ஈயம் நிரப்பிய ஒரு பிளக் இருக்கும். தண்ணீர் இறங்கித் தகடு காய்ந்தால் ஈயம் உருகி, அந்தத் துளை வழியே நீராவி நெருப்பின் மேல் சீறும். பெரிய விபத்துக்கு முன் என்ஜின் தரும் கடைசி எச்சரிக்கை அது. பிளக் உருகிய என்ஜினின் டிரைவரும், கரி போடும் ஃபயர்மேனும் கடுமையான விசாரணையைச் சந்திக்க வேண்டிவரும்.

வேலைக்குச் சேரும் பையன் கிளீனராகத் தொடங்குவான். எண்ணெய்த் துணியால் என்ஜினைத் துடைத்தபடியே அதன் ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் கற்றுக்கொள்வான். பிறகு இரண்டாவது ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன், யார்டுக்குள் பெட்டிகளை நகர்த்தும் ஷண்டர், சரக்கு வண்டி டிரைவர், பாசஞ்சர் டிரைவர். மெயில் வண்டி டிரைவராகும்போது தலை நரைத்திருக்கும். கரி போடுவதை வெறும் உடலுழைப்பு என்று நினைக்கிறோம். அது பெரிய சூட்சுமம். மெல்லிய படலமாக, மூலை முடுக்கெல்லாம் சமமாகத் தூவ வேண்டும். ஒரேயடியாகக் குவித்தால் கரும்புகை வரும், அழுத்தம் விழும். ஏற்றம் எங்கே வரும் என்று தெரிந்து அதற்கு முன்பே நெருப்பைத் தயார் செய்ய வேண்டும். நார்த்தாமலைப் பக்கத்துக் குன்றுகளுக்கு நடுவே வண்டி எங்கே மூச்சு வாங்கும், எங்கே தானாக உருளும் என்பது அந்தப் பாதையில் ஓடியவர்களுக்கு இருட்டிலும் தெரிந்திருந்தது.

இவர்களை இரவில் எழுப்பக் கால் பாய் என்று ஓர் ஊழியர் உண்டு. வண்டி நேரத்துக்கு முன்னால் கையில் லாந்தரும் நோட்டுமாக டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டி, எழுப்பிக் கையெழுத்து வாங்கிப் போவார். அதனால் டிரைவர்களும் ஃபயர்மேன்களும் ஷெட்டிலிருந்து நடக்கும் தூரத்திலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. ரயில்வே காலனிகள் ஏன் ஊரைவிட்டு ஒதுங்கி, ஷெட்டுக்குப் பக்கத்தில் அமைந்தன என்பதற்கு இது ஒரு காரணம். வெளியூர் போனால் ரன்னிங் ரூம். அரிசி, பருப்பு, புளி எல்லாம் வீட்டிலிருந்தே பெட்டியில் கொண்டுபோய் அங்கே சமைத்துச் சாப்பிட்டு, தூங்கி, அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பார்கள்.

வேலை நேரத்துக்கு முடிவே இருக்காது. ஒற்றைப் பாதை. அடுத்த நிலையம் வரை போக அனுமதியான டோக்கன் கையில் வராமல் வண்டி நகராது. எதிர் வண்டி தாமதமானால் நெருப்பைக் காத்துக்கொண்டு நிலையத்தில் நிற்க வேண்டியதுதான். பதினான்கு மணி நேரத்துக்கு மேலும் நீண்ட பணிகள் நாடு முழுக்கச் சாதாரணமாக இருந்தன. 1973-இல் லோகோ ரன்னிங் ஊழியர்கள், அதாவது டிரைவர்களும் ஃபயர்மேன்களும் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகே பத்து மணி நேர வரம்பை அரசு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1974 மே 8 முதல் 27 வரை நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றி இந்தப் பகுதியின் பழைய ரயில்வேக் குடும்பங்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

ஷெட்டைத் தேவையில்லாமல் ஆக்கிய என்ஜின்

சித்தரஞ்சனில் 1972-இல் கட்டி முடித்த ஒரு ஒய்ஜி-யோடு இந்தியாவில் மீட்டர் கேஜ் நீராவி என்ஜின் தயாரிப்பு நின்றது. அதற்குள் டீசல் வந்துவிட்டது. மீட்டர் கேஜில் அதன் பெயர் ஒய்டிஎம்4. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வந்து, பிறகு வாரணாசியில் கட்டப்பட்டது. பொன்மலை டீசல் ஷெட்தான் நம் பக்கத்துக்கு அதன் தாய்வீடு.

திருச்சியிலிருந்து இராமேஸ்வரம் சுமார் 260 கி.மீ. ஒரு டீசல் என்ஜின் பொன்மலையில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு போய்த் திரும்பி வரலாம், நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல். சாம்பல் கிடையாது. எந்தப் பக்கமும் ஓடும், திருப்ப வேண்டாம். சில நிமிடத்தில் கிளம்பும். ஒரு டீசல் வந்தால் இரண்டு மூன்று நீராவி என்ஜின்கள் வீட்டுக்குப் போகலாம், அவற்றைக் கழுவிய, துடைத்த, ஊட்டிய ஆட்களும்தான். ஃபயர்மேன்கள் டீசல் அசிஸ்டன்ட் ஆனார்கள். நிரந்தர ஊழியர்களை வேறு ஊர்களுக்கும் வேறு வேலைகளுக்கும் மாற்றினார்கள்.

பாதை மூடப்படவில்லை, வண்டிகள் குறையவில்லை, அதனால் யாரும் போராடவில்லை, செய்தியாகவும் ஆகவில்லை. ஒரு நிலையத்தை மூடினால் ஊர் திரளும். ஷெட்டை மூடினால் ஊருக்குத் தெரிவதே இல்லை. 1990-களில் இந்திய ரயில்வே நீராவியை முற்றாகக் கைவிட்டபோது, ஊர்ப்பக்க ஷெட்டுகள் பலவும் தகரக் கூரை இழந்து நின்றன. செட்டிநாட்டுப் பாதையில் நீராவியின் வாழ்நாளை 1929-லிருந்து எண்ணினால், ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அடங்கிவிடும்.

மிச்சம் இருந்ததை அகலப்பாதை துடைத்தது. திருச்சி–மானாமதுரைப் பாதை 2000-களின் பின்பாதியில் மாறியது. காரைக்குடி–திருவாரூர் மீட்டர் கேஜ் 2012-இல் நின்று, பட்டுக்கோட்டை வரை அகலப்பாதையாகத் திரும்ப 2018 ஆயிற்று. யார்டுகள் புதிதாக வகுக்கப்பட்டன, பழைய குழிகளை மூடினார்கள், தண்ணீர்த் தூண்கள் பழைய இரும்பாகப் போயின. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அகலப்பாதை வேண்டும் என்று பல வருடம் கேட்டவர்கள் நாம்தான். ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய கதவு நிலைக்கும் பீங்கான் பாத்திரத்துக்கும் கிடைக்கும் மதிப்பில் ஒரு துளியாவது இந்த இரும்புக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். வீடுகளைப் பாரம்பரியம் என்று பார்க்கக் கற்றுக்கொண்ட ஊர், உழைப்பு நடந்த இடங்களை அப்படிப் பார்க்க இன்னும் பழகவில்லை.

வேறு இடங்களில் முடிந்திருக்கிறது. ஹரியானாவில் 1893-இல் கட்டிய ரேவாரி ஷெட்டைப் புதுப்பித்து, நீராவி என்ஜின்களை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி என்ஜின்களைப் புதிதாகவே கட்டித் தந்தது நம் பொன்மலைப் பணிமனைதான். அந்தத் திறமை இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறது.

செட்டிநாட்டில் ஒரு ஷெட்டை மீட்டெடுப்பது இனி நடக்காது. தகவலை மீட்டெடுக்கலாம். 1970-களில் கிளீனராகச் சேர்ந்தவருக்கு இன்று எழுபது வயதை ஒட்டி இருக்கும் அல்லது தாண்டியிருக்கும். காரைக்குடியிலும் மானாமதுரையிலும் புதுக்கோட்டையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். பாய்லருக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவினீர்கள், கரி ஏற்றிய பெண்கள் எந்த ஊர்க்காரர்கள், கூடைக்கு என்ன கூலி, எந்த இடத்தில் வண்டி ஏற முடியாமல் திணறும், கடைசியாக நெருப்பை இறக்கிய என்ஜின் எது. பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பெயரையும் அவர் வேலை பார்த்த வருடங்களையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.